டிம்மி ஸ்மித்துக்கு எம்விபி குடுக்கலங்க

அமெரிக்கன் ஃபுட்பால்ல வாஷிங்டன் டீம் வரலாற்றுலயே பெஸ்ட் பேக்கப் ரன்னிங் பேக் (பந்த வாங்கிட்டு ஓடுறவருக்கு மாற்று ஆட்டக்காரர்) டிம்மி ஸ்மித்தான், சூப்பர் பவுல்ல, அதாவது என்எஃப்எல் லீக்கோட ஃபைனல்ல, எம்விபியே (மேட்ச்சோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினவர்னு மேல ஒருத்தர் எழுதியிருக்காரு, கீழ நாலஞ்சு பேர் அதையே திரும்ப சொல்லிட்டாங்க. பெஸ்ட் யாருங்கறது அவங்கவங்க அபிப்பிராயம், அதுக்குள்ள நான் போகல, ஆனா அந்த எம்விபி விஷயம் மட்டும் சரியில்லங்க. 1988 ஜனவரி 31, டென்வர் டீம வாஷிங்டன் 42-10னு ஜெயிச்ச அந்த மேட்ச்ல எம்விபி வாங்கினது குவார்ட்டர்பேக் (பந்த பாஸ் பண்றவர்) டக் வில்லியம்ஸ். பாஸ்ல 340 யார்டு, டச்டவுன் (ஸ்கோர்) ஆன பாஸ் நாலு, அந்த நாலுமே மேட்ச்சோட ரெண்டாவது கால்பகுதியிலயே போட்டாரு!

ஸ்மித் பண்ணது சாதாரண விஷயம்னு சொல்ல வரல. ரெகுலர் சீசன் முழுக்க 126 யார்டு மட்டுமே ஓடியிருந்த ரூக்கி (முதல் சீசன் ஆடுறவர்), இன்னொரு ரன்னிங் பேக் ஜார்ஜ் ராஜர்ஸுக்குப் பதிலா அன்னிக்கு ஸ்டார்ட் பண்ணி, 22 தடவ பந்த வாங்கி 204 யார்டு ஓடி ஒரு சூப்பர் பவுல்ல அதிகமா ஓடினதுக்கான மார்கஸ் ஆலனோட 191 யார்டு ரெக்கார்ட தாண்டினாரு, ஸ்மித்தோட அந்த ரெக்கார்டு இன்னும் நிக்குது. அதனாலதான் எம்விபியும் அவர்தான்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க போல, புரியுது.

செக் பண்றது ஈஸி. என்எஃப்எல் சைட்ல சூப்பர் பவுல் எம்விபி லிஸ்ட் எடுத்து 22வது சூப்பர் பவுல பாருங்க, சீசன் 1987னு இருக்கலாம், மேட்ச் நடந்தது 88ல, அதுல குழம்பிடாதீங்க. அதே லிஸ்ட்ல வாஷிங்டன் ஜெயிச்ச மத்த ரெண்டு மேட்சும் இருக்கும், அதுல எம்விபி ஜான் ரிக்கின்ஸ், மார்க் ரிப்பியன். இந்த மூணு பேர்ல ரன்னிங் பேக் ரிக்கின்ஸ் ஒருத்தர்தாங்க.