டெட் பிஷப்பை வீழ்த்திய அளவுகோல்

2014 அக்டோபர் 23 வியாழக்கிழமையன்று, அமெரிக்க பிஜிஏ சங்கத்தின் தலைவர் டெட் பிஷப், இங்கிலாந்து கோல்ஃப் வீரர் இயன் போல்ட்டரைக் குறிவைத்து ட்விட்டரில் சில சொற்களைப் பதிவிட்டார். முன்னாள் இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோ ஆறு மேஜர் பட்டங்கள் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளுக்கான பட்டங்கள்) வென்றவர், ரைடர் கோப்பை வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் பெற்றவர், அவருடைய கணக்கு எங்கே உன் கணக்கு எங்கே என்று கேட்டுவிட்டு, கடைசியில் ‘சின்னப் பொண்ணு’ என்று போல்ட்டரை விளித்திருந்தார். அதோடு நிறுத்தாமல் முகநூலில் இன்னொரு பதிவும் போட்டார். பள்ளி இடைவேளையில் கிறீச்சிடும் சிறுமியைப் போல் போல்ட்டர் பேசுகிறார் என்பது அதன் சாரம். இரண்டையும் விரைவிலேயே அழித்துவிட்டார் என்றாலும், அழிப்பதற்குள் படம் பிடிக்கப்படாத பதிவு என்று எதுவும் அந்தக் காலத்திலேயே இருக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை சங்கத்தின் இயக்குநர் குழு கூடி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவருடைய இரண்டாண்டுப் பதவிக் காலம் முடிய ஒரு மாதம்கூட மிச்சமில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் முடித்தார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. பிஷப் அந்தப் பதிவை எழுதத் தூண்டிய எண்ணமும், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு அவர் அமெரிக்க அணிக்கு ஒரு கேப்டனைத் தேர்ந்தெடுத்த விதமும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

கோல்ஃப் அதிகம் பார்க்காத நண்பர்களுக்காகச் சிறு விளக்கம். தொலைக்காட்சியில் வாராவாரம் பார்க்கும் போட்டிகளை நடத்துவது பிஜிஏ டூர் என்னும் தனி அமைப்பு. பிஷப் தலைமை வகித்தது, 1916-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க பிஜிஏ சங்கத்துக்கு. அதன் அன்றைய உறுப்பினர்கள் ஏறத்தாழ 27,000 பேரில் பெரும்பாலோர் கிளப்புகளில் ஆட்டம் கற்றுக்கொடுத்தும் மைதான நிர்வாகத்தைக் கவனித்தும் பிழைப்பவர்கள். பிஷப்பும் இந்தியானா மாநிலத்தின் ஃபிராங்க்ளின் என்ற ஊரில் ஒரு கோல்ஃப் கிளப்பை நடத்தி வந்தவர்தான். ஆனால் ஐரோப்பாவுக்கு எதிராக இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ரைடர் கோப்பையின் அமெரிக்கப் பக்கத்து உரிமை இந்தச் சங்கத்திடம் இருக்கிறது. கேப்டனை நியமிப்பதும் இதுவே. அந்தக் கேப்டன் கிரிக்கெட் கேப்டனைப் போல் களத்தில் ஆடுபவர் அல்லர். யார் யாரோடு இணைந்து ஆடுவது, யாரை உட்கார வைப்பது, கடைசி நாள் ஒற்றையர் ஆட்டங்களில் யாரை எந்த வரிசையில் இறக்குவது என்பவற்றை முடிவு செய்பவர். ஆகவே அவர் முன்பு எத்தனை பட்டம் வென்றார் என்பதைவிட, பன்னிரண்டு பேரின் மனநிலையை அந்த மூன்று நாளில் எப்படிப் படிக்கிறார் என்பதே முக்கியம்.

போல்ட்டர் செய்த குற்றம்தான் என்ன? வெளிவரவிருந்த தன் சுயசரிதையில் அவர் ஃபால்டோவையும், அந்த ஆண்டு ரைடர் கோப்பையில் அமெரிக்கக் கேப்டனாக இருந்த டாம் வாட்சனையும் விமர்சித்திருந்தார். அந்த ஆண்டு ரைடர் கோப்பையின்போது தொலைக்காட்சி வர்ணனையில் இருந்த ஃபால்டோ, 2008-இல் ஸ்பெயின் வீரர் செர்ஜியோ கார்சியா ஐரோப்பிய அணிக்குப் பயனற்றவராக இருந்தார் என்று பேசியிருந்தார். அந்த 2008-இல் ஐரோப்பாவின் கேப்டனே ஃபால்டோதான், அமெரிக்காவின் வல்ஹாலா மைதானத்தில் தோற்றதும் அவர் தலைமையில்தான் என்று போல்ட்டர் திருப்பிக் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றைய ஒற்றையர் வரிசையில் போல்ட்டர், வெஸ்ட்வுட், ஹாரிங்டன் ஆகிய மூன்று வலுவான ஆட்டக்காரர்களையும் கடைசி மூன்று இடங்களில் ஃபால்டோ நிறுத்தினார். அவர்களுடைய ஆட்டங்கள் முடிவதற்குள்ளேயே கோப்பை அமெரிக்காவின் கைக்குப் போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அணிக்குப் போல்ட்டரைத் தன் விருப்பத் தேர்வாக, பலருடைய எதிர்ப்பையும் மீறிச் சேர்த்தவரே ஃபால்டோதான். போல்ட்டர் ஐந்தில் நான்கு புள்ளிகள் எடுத்துக்கொடுத்து அந்தத் தேர்வை நியாயப்படுத்தியும் இருந்தார். எனவே களத்தில் நின்று பார்த்தவர் என்ற தகுதி அவருக்கு இருந்தது. அந்தத் தகுதிக்குப் பிஷப் தந்த மறுமொழி, உன்னிடம் எத்தனை மேஜர் இருக்கிறது என்பதுதான்.

இந்த அளவுகோலைப் பிஷப் முதன்முறையாகக் கையில் எடுத்தது 2014-இல் அல்ல. 2012 டிசம்பரில் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வைத்து, அடுத்த ரைடர் கோப்பைக்கு அமெரிக்கக் கேப்டன் டாம் வாட்சன் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரை முன்னெடுத்தவர் பிஷப். காரணங்கள் கேட்பதற்கு இனிமையாகவே இருந்தன. எட்டு மேஜர் பட்டங்கள். அவற்றில், பிரிட்டனில் நடக்கும் மேஜரான ஓபனில் பெற்ற ஐந்து வெற்றிகளில் நான்கு ஸ்காட்லாந்து மண்ணில் வந்தவை. போட்டியும் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில். ஐரோப்பிய மண்ணில் அமெரிக்கா கடைசியாக வென்ற 1993-இல் கேப்டனாக இருந்தவரும் அவரே. ஆனால் போட்டி நடக்கும்போது அவருக்கு 65 வயது ஆகியிருக்கும். அணியின் ஜோர்டன் ஸ்பீத்துக்கோ 21. இந்த இளைஞர்களோடு அவர் வாராவாரம் ஆடியவரும் அல்லர், பழகியவரும் அல்லர்.

அதே சமயத்தில் எதிரணியில் நடந்ததைப் பாருங்கள். வாட்சனின் புகழுக்கு ஈடுகொடுக்க காலின் மான்ட்கோமரிதான் வேண்டும் என்று ஐரோப்பாவிலும் ஒரு சாரார் பேசினார்கள். ரோரி மெக்கில்ராய் உள்ளிட்ட வீரர்கள் வெளிப்படையாகப் பால் மெக்கின்லியை ஆதரித்தார்கள். 2013 ஜனவரியில் அபுதாபியில் கூடிய வீரர்கள் குழு அவரையே தேர்ந்தெடுத்தது. மெக்கின்லி தன் வாழ்நாளில் ஒரு மேஜர் பட்டமும் வென்றதில்லை. பிஷப்பின் கணக்குப்படி அவர் வாட்சனுக்கு எதிரே நிற்கவே தகுதியற்றவர். கிளெனீகிள்ஸில் முடிவு 16½ – 11½, ஐரோப்பாவுக்கு.

தோல்வி மட்டும் என்றால் கடந்து போயிருக்கலாம். முதல் நாள் காலையில் ஸ்பீத்தும் பாட்ரிக் ரீடும் இணைந்து போல்ட்டர் – காலகர் இணையை 5&4 (நான்கு குழிகள் மிச்சமிருக்கும்போதே ஐந்து குழிகள் முன்னிலை) என்ற பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்; அந்த இளம் இணையை வாட்சன் பிற்பகலில் உட்கார வைத்தார். அடி வாங்கிய போல்ட்டருக்கே இந்த முடிவு விளங்கவில்லை என்பதுதான் அவருடைய புத்தகத்தில் வாட்சனைப் பற்றி வந்த விமர்சனத்தின் மையம். மறுநாள் ஃபில் மிக்கெல்சனும் கீகன் பிராட்லியும் காலை, மாலை இரண்டு சுற்றிலும் சேர்க்கப்படவில்லை. தன்னை ஆடவிடும்படி மிக்கெல்சன் கேப்டனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டும் பயனில்லை. அந்த இரண்டு நாளும் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஃபோர்சம்ஸ் ஆட்டங்களில் எட்டுப் புள்ளிகளில் ஏழு ஐரோப்பாவுக்குப் போயின. அந்த ஆட்டம் முழுக்க முழுக்க ஜோடிப் பொருத்தத்தைச் சார்ந்தது என்பதால், இதில் வந்த 7 – 1 என்ற கணக்கை வீரர்களின் திறமைக் குறைவு என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிறு மாலைச் செய்தியாளர் சந்திப்பில், வாட்சனும் அதே மேடையில் அமர்ந்திருக்க, 2008-இல் அமெரிக்கக் கேப்டன் பால் ஏஸிங்கர் அணியைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முடிவுகளில் வீரர்களையும் ஈடுபடுத்தி வென்ற முறையை மிக்கெல்சன் நிதானமாகப் புகழ்ந்தார். இந்த முறை யாரிடமாவது ஆலோசனை கேட்கப்பட்டதா என்ற கேள்விக்கு, இங்கே உட்கார்ந்திருக்கும் எவரிடமும் கேட்கப்படவில்லை என்றார். ஒரு பெரியவரைச் சபை நடுவே அப்படிச் சொன்னது முறையா என்று பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள். முறையல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் சபையில் சொல்லாமல் அறைக்குள் சொல்லியிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்பதும் உண்மை. இரண்டே வாரங்களில், அக்டோபர் 14 அன்று, சங்கம் பதினொரு பேர் கொண்ட சிறப்புக் குழுவை அறிவித்தது. மிக்கெல்சன், டைகர் உட்ஸ், ஜிம் ஃப்யூரிக், ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர், ரிக்கி ஃபவுலர் என்று ஐந்து வீரர்கள், மூன்று முன்னாள் கேப்டன்கள், சங்கத்தின் தரப்பில் மூன்று பேர். அந்த மூவரில் சங்கத் தலைவர் பிஷப் இல்லை. வாட்சனைக் கொண்டுவந்த மனிதரை ஒதுக்கி வைத்துவிட்டே குழு அமைந்தது.

இதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தப் பதிவு வருகிறது. அதைப் படிக்கும்போது, போல்ட்டரோடு பேசும் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை. தன் தேர்வு தவறு என்று சொல்லாமல் சொல்லிவிட்ட வீரர்களுக்கும் தன் சங்கத்துக்குமே அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தோன்றுகிறது. சாதனை படைத்தவரைக் குறைந்த சாதனை உடையவர் கேள்வி கேட்கக் கூடாது என்பது அந்த முகநூல் பதிவின் வெளிப்படையான வாதம். மிக்கெல்சனைக் குறிவைக்க முடியாது; போல்ட்டர் கைக்கு எட்டினார்.

பயன்படுத்திய சொற்களுக்கு வருகிறேன். பெண் என்று அழைப்பது இழிவு என்று கருதினால் மட்டுமே அது வசையாகும். போல்ட்டரும் தன் பதிலில் அதைத்தான் கேட்டார். பெண்களையும் குழந்தைகளையும் விளையாட்டுக்குள் கொண்டுவருவதே தன் வேட்கை என்று சொல்லிவந்த தலைவர், அதுவும் சூசி வேலி என்ற பெண்மணி சங்கத்தின் வரலாற்றில் முதல் பெண் நிர்வாகியாகத் தேர்தலில் நின்றுகொண்டிருந்த மாதத்தில், இப்படி எழுதியதற்குச் சமாதானமே கிடையாது. ராஜினாமா செய்யச் சொன்னபோது அவர் மறுத்தார்; நீக்கப்பட்டார். இதுவரை எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் முன்னாள் தலைவர் என்ற அங்கீகாரத்தையும் அதற்குரிய உரிமைகளையும் சேர்த்துப் பறித்ததில், தண்டனையைத் தாண்டிய ஒரு வேகம் தெரிகிறது. 2018 ஜூனில் அதே சங்கத்தின் தலைவராக இருந்த பால் லெவி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கலிஃபோர்னியாவில் கைது செய்யப்பட்டார். அவர் நவம்பர் வரை தன் பதவிக் காலத்தை முடித்தே இறங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும், பிஷப் ஏற்கெனவே வேண்டாதவராகியிருந்தார் என்பது புரியும். பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டர்’ மட்டையில் நீளமானதை உடலோடு அணைத்து ஆடும் முறைக்கு விதி அமைப்புகள் தடை கொண்டுவந்தபோது சாதாரண ஆட்டக்காரர்களின் சார்பில் உரக்க எதிர்த்துப் பகை சம்பாதித்தவரும் அவர். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, சிறப்புக் குழு கேப்டன் பதவியை ஒழுங்கு செய்துவிட்டதா? 2016-இல் டேவிஸ் லவ் தலைமையில் ஹேசல்டைனில் 17 – 11 என்று வென்றார்கள். 2018-இல் பாரிஸில் ஃப்யூரிக் தலைமையில் தோற்றார்கள். தன்னை ஸ்பீத்திடமிருந்து பிரித்ததைப் பற்றி பாட்ரிக் ரீட் பத்திரிகையில் பொருமினார். 2021-இல் ஸ்ட்ரிக்கர் 19 – 9 என்று நசுக்கினார். இந்த மூன்று கேப்டன்களும் அந்தப் பதினொரு பேர் குழுவிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். எந்த முறையைப் புகழ்ந்து மிக்கெல்சன் கலகம் செய்தாரோ, அந்த முறையை வகுத்த ஏஸிங்கருக்கு மீண்டும் வாய்ப்பு வரவேயில்லை. ஒரு தலைவரின் கையிலிருந்த சாவி ஒரு நண்பர் வட்டத்தின் கைக்கு மாறியது. கதவு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

அந்த வட்டத்தை உடைத்ததாகச் சொல்லப்பட்ட நியமனம் 2024 ஜூலையில் வந்தது. டைகர் உட்ஸ் மறுத்துவிட, அன்று கிளெனீகிள்ஸில் மிக்கெல்சனோடு நாள் முழுக்க உட்கார வைக்கப்பட்ட கீகன் பிராட்லி 38 வயதில் கேப்டனானார். தன் பெயர் பரிசீலனையில் இருந்ததே அவருக்குத் தெரியாது. 2025 செப்டம்பரில் பெத்பேஜில், சொந்த மண்ணில், 15 – 13 என்று தோற்றபோது, களத்தை அமைத்த விதத்தில் தன் கணிப்பு பிழைத்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். எதிரில் வென்ற லூக் டோனல்டும் ஒரு மேஜர் பட்டம் வென்றவர் அல்லர். அவர் 2023-இல் ரோமிலும் வென்றவர்.