அச்சுப்படம் வெறும் நகல் இல்லை

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ரெனால்ட்ஸ் தீட்டிய உருவப்படங்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் இவ்வளவு அழகாக எழுதிவிட்டு, அவற்றை வைத்துச் செய்த அச்சுப்படங்களை ‘மலிவான நகல்கள்’ என்று ஒரே வரியில் ஒதுக்கியது வருத்தமாக இருந்தது.

அந்த அச்சுப்படங்களைச் செய்த ‘மெசோடின்ட்’ என்னும் செப்புத்தகட்டு முறையில் வேலை எப்படி நடக்கும் தெரியுமா? பல் வைத்த வளைந்த எஃகுக் கருவியைச் செப்புத் தகட்டின் மேல் திரும்பத் திரும்ப ஆட்டி, தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சிட்டால் கன்னங்கரேலென்று வரும். அதன்பிறகு சுரண்டிச் சுரண்டி, தேய்த்து மெருகேற்றி, இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்தை எடுக்க வேண்டும். நெற்றி, மூக்கு நுனி, சரிகை ஓரம் எல்லாம் அப்படி வந்தவைதான். அச்சில் ஒரு வெல்வெட் மேலங்கியின் மடிப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடு என்று ஒன்றே தெரியாது. ஜெர்மன்காரர் கண்டுபிடித்த முறை. ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘ஆங்கிலேய பாணி’ என்றே அழைத்தார்கள்.

இன்னொன்று. ரெனால்ட்ஸ் பூசிய சிவப்பு நிலைக்கவில்லை. அவர் காலத்திலேயே முகங்கள் வெளிறத் தொடங்கிவிட்டன. டப்ளினில் பிறந்து லண்டனில் வேலை பார்த்து 1765-இல் இறந்த மெசோடின்ட் செதுக்குநர் ஜேம்ஸ் மக்கார்டெலின் அச்சுகளில் அதே முகங்களின் ஒளியும் நிழலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், முதலில் எடுத்த பிரதிகளைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த பகுதியில், ஓவியரும் செதுக்குநருமான ஹோகார்த் போராடிப் பெற்ற, அச்சுப்படங்களுக்கான 1735 பதிப்புரிமைச் சட்டத்தைப் பற்றியும், படங்களின் அடியில் ஓவியர் பெயருக்கு எதிரே சிறிய எழுத்தில் நிற்கும் அந்தச் செதுக்குநர்களைப் பற்றியும் எழுதுங்கள், ஐயா.