1982இல் நீக்கப்படவில்லை

"மாகாணச் சட்டங்களை ரத்து செய்ய கனடாவின் ஒன்றிய அரசுக்கு இருந்த அதிகாரம் 1982இல் நீக்கப்பட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. தயவுசெய்து இதை அப்படியே பகிர வேண்டாம்.

1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 90ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மாகாணம் இயற்றிய சட்டத்தை ஓராண்டுக்குள் ரத்து செய்யலாம் என்ற அதிகாரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் அதைத் தொடவே இல்லை.

நடந்தது வேறு. தொடக்க காலத்தில் ஒட்டாவா (தலைநகரில் உள்ள ஒன்றிய அரசு) இந்த அதிகாரத்தைத் தாராளமாகவே பயன்படுத்தியது. மொத்தம் 112 மாகாணச் சட்டங்கள் ரத்தாயின. கடைசியாக 1943இல், ஹட்டரைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் நிலம் வாங்குவதைத் தடுத்த ஆல்பர்ட்டா சட்டம் ரத்து செய்யப்பட்டது. அதன்பின் எந்தப் பிரதமரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

இதன் உடன்பிறப்பான இன்னோர் அதிகாரம், மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் தராமல் ஒட்டாவாவின் முடிவுக்கு ஒதுக்கிவைப்பது. 1961இல் சஸ்காட்சுவான் துணைநிலை ஆளுநர் பஸ்டீடோ, தம் விருப்பப்படி ஒரு கனிம ஒப்பந்த மசோதாவை அப்படி ஒதுக்கிவைத்தார். பிரதமர் டீஃபன்பேக்கர் அதிர்ந்துபோனார். அவரிடம் யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. ஒன்றிய அமைச்சரவையே அந்த மசோதாவுக்கு ஒப்புதல் பெற்றுத் தந்துவிட்டது.

1981இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: சட்டப்படி இந்த அதிகாரங்கள் உயிரோடு இருக்கின்றன, நடைமுறையில் வழக்கொழிந்துவிட்டன. அதே தீர்ப்பில், அரசியல் மரபு (எழுதப்படாத நடைமுறை விதி) எவ்வளவு காலம் நீடித்தாலும் தானாகச் சட்டமாகிவிடாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். ஆகவே "நீக்கப்பட்டது" என்ற சொல்லைத் திருத்திவிடுங்கள். "கைவிடப்பட்டது" என்பதே சரி.