டிபன் பாக்ஸை மூடிய பிறகு வரும் லீவு

கலெக்டர்களே, மழைக்கு ஸ்கூல் லீவு விடுங்கள், விடாமல் இருங்கள், அது உங்கள் பாடு. எதுவாக இருந்தாலும் நான் டிபன் பாக்ஸை மூடுவதற்கு முன்னால் சொல்லித் தொலையுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் டிசம்பர் கடைசி வரை பிள்ளை வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் இதே கூத்துதான். முந்தின நாள் மதியமே நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இருந்து சொல்லிவிடுகிறார்கள், நாளைக்கு இன்னின்ன மாவட்டங்களில் கனமழை, இன்னின்ன மாவட்டங்களில் மிக கனமழை என்று. சாயங்காலம் எந்த சேனலைத் திருப்பினாலும் ஆரஞ்சு பூசிய வரைபடம். வெதர் பசங்க வேறு ரேடார் படத்தைப் போட்டு, நள்ளிரவுக்கு மேல் தரமான சம்பவம் இருக்கு மக்களே என்று எழுதிவிடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மாவட்டக் கலெக்டர் லீவு விடுகிறார், ஒன்பதுக்கு இன்னொருவர். எங்கள் மாவட்டத்தில் மட்டும் சத்தமே இருக்காது. பத்து மணிக்கு என் மகன் ஹோம்வொர்க் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதணுமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும்? நானா கலெக்டர்?

அப்புறம் விடிகாலை. ஐந்தரைக்கு எழுந்து முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டும், கொட்டுகிறது. போனைப் பார்க்க வேண்டும், ஒன்றும் இல்லை. டிவியைப் போட்டால் கீழே ஓடுகிற வரியில் வரிசையாக மாவட்டப் பெயர்கள், நம்முடையது வருகிறதா என்று கையில் கரண்டியோடு நின்று முழு வரியும் ஒரு சுற்று சுற்றி வரும் வரை பார்க்க வேண்டும், அதற்குள் தோசை கருகும். வரவில்லை. சரி, ஸ்கூல் உண்டு. எழுப்பு, குளிக்க வை, சாக்ஸ் காயவில்லை, அயர்ன் பாக்ஸை வைத்துத் தேய்த்துக் காயவை, சோற்றைக் கட்டு, ரெயின்கோட்டை மாட்டு, ஆறே முக்காலுக்கு வேனில் ஏற்று. ஏழு இருபதுக்கு டிங் என்று ஒரு மெசேஜ். "கனமழை காரணமாக மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் இன்று விடுமுறை." அந்த நேரத்துக்கு வேன் எங்கேயோ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும், வேன் அண்ணன் போனை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது, வண்டி ஓட்டுகிற ஆள். பிள்ளை திரும்பி வரும் வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழையில் பிள்ளைகள் வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தானே லீவு? பத்திரமாக வீட்டுக்குள் இருந்த பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் லீவு விட்டால், அந்த லீவு யாரைக் காப்பாற்றியது?

மழை எப்படிப் போகும் என்று ராத்திரியே சொல்ல முடியாது, அதிகாலையில் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்று ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். நானும் மழைக்கணக்கு கொஞ்சம் தெரிந்தவள்தான், இத்தனை வருடமாக இதே பிழைப்பாக இருப்பதால். இருபத்து நாலு மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 என்றால் மிக கனமழை, அதற்கு மேலே போனால் அதி கனமழை. அதுவும் காலை எட்டரையில் இருந்து மறுநாள் எட்டரை வரை அளக்கிற கணக்கு. கணிப்பு தப்பலாம், ஒத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்கு சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள், அதற்கு முன்பே ஜனங்கள் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள், கடைசியில் தாழ்வு மண்டலம் ஆந்திரா பக்கம் நகர்ந்து, பயந்த அளவுக்கு இங்கே பெய்யவில்லை. மறுநாள் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அதற்கு முந்தின வருடம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது யாராவது சிரித்தார்களா? ஒரு நாள் வீணாக லீவு விட்டதற்காகக் கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அந்தக் கேலிக்குப் பயந்துகொண்டு காலை ஏழு மணி வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு எதற்கு ஒரு ஆரஞ்சு எச்சரிக்கை, எதற்கு ரேடார், நாங்கள்தான் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்கிறோமே.

சொல்ல முடியாது என்பதெல்லாம் சும்மா. அதே 2024 அக்டோபரில் 14-ஆம் தேதியே சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து அடுத்த நாள் லீவு என்று மேலே இருந்தே அறிவித்தார்கள். மிக்ஜாம் புயலுக்கும் இதே நாலு மாவட்டத்துக்கு 2023 டிசம்பர் 4 பொது விடுமுறை என்று முன்கூட்டியே வந்தது. புயல், ரெட் அலர்ட் என்று பெரிய பெயர் இருந்தால் முந்தின நாளே முடிவெடுக்க முடிகிறது, சாதாரண கனமழைக்கு மட்டும் முடியவில்லை!

இதில் எல்லைக்கோட்டில் குடியிருக்கிறவர்கள் பாடு தனிப் பாடு. சென்னையைச் சுற்றி மாவட்டங்களைப் பிரித்து வைத்திருக்கும் அழகைப் பாருங்கள். குன்றத்தூரில் வீடு என்றால் காஞ்சிபுரம் மாவட்டம். அங்கிருந்து பல்லாவரம் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால் பம்மல், அது செங்கல்பட்டு மாவட்டம். கிண்டியில் ஆபீஸ் என்றால் அது சென்னை. ஒரு குடும்பத்துக்கு மூன்று கலெக்டர். நாங்களும் இந்த மாதிரி கோட்டின் மேல் குடியிருக்கிற கூட்டம்தான், எந்தக் கோடு என்பது இப்போது முக்கியமில்லை. வீடு இருக்கும் மாவட்டத்தில் லீவு, ஸ்கூல் இருக்கும் மாவட்டத்தில் லீவு இல்லை. எதிர்வீட்டுப் பையன் மொட்டை மாடியில் கப்பல் விடுகிறான், என் பையன் அழுதுகொண்டே ஷூ போடுகிறான். ஏம்மா அவனுக்கு மட்டும் லீவு என்று கேட்டால், அவன் ஸ்கூல் கோட்டுக்கு இந்தப் பக்கம், உன் ஸ்கூல் அந்தப் பக்கம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு மாவட்ட மறுசீரமைப்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. மேகம் என்ன தாலுகா ஆபீஸில் கேட்டுக்கொண்டா பெய்கிறது? பக்கத்துப் பக்கத்து மாவட்டக் கலெக்டர்கள் ராத்திரி ஒரு போன் பேசிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லாவற்றையும் விட என் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற ஒரு அறிவிப்பு இருக்கிறது. "மழையின் தன்மையைப் பொறுத்து விடுமுறை குறித்து அந்தந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்." இதைப் படித்ததும் எனக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே. எச்.எம். என்ன செய்வார் பாவம்? லீவு விட்டால் நாளைக்கு மேலே இருந்து ஏன் விட்டாய் என்று கேள்வி வரும், விடாமல் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் ஏன் விடவில்லை என்று கேள்வி வரும். அதனால் அவர் வேறு ஸ்கூலில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கிறார், அவர்கள் இவரைப் பார்க்கிறார்கள், தனியார் ஸ்கூல்காரர்கள் யாரையும் பார்க்காமல் பெல் அடித்துவிடுகிறார்கள். இன்னொரு வகை, "கல்லூரிகள் வழக்கம்போல் இயங்கும்." பதினெட்டு வயதானால் தண்ணீரில் நடக்கலாம் போலிருக்கிறது.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வரும்? அதற்கு ஒரு இடம் உண்டா? கலெக்டரின் எக்ஸ் பக்கத்தில் வரலாம், ஃபேஸ்புக் பக்கத்தில் வரலாம், செய்தியாளர்கள் குரூப்பில் முதலில் போய் அங்கிருந்து நியூஸ் கார்டாக வரலாம். ஸ்கூலுக்கு என்று ஒரு ஆப் இருக்கிறது, ஃபீஸ் கட்டச் சொல்லி நினைவூட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, நாள் தவறாது. லீவு தகவல் மட்டும் அதில் பத்தரை மணிக்கு வரும், "அன்பான பெற்றோர்களே, இன்று பள்ளிக்கு விடுமுறை" என்று. அன்பான பெற்றோர் அப்போது ஆபீஸில் லேட் மார்க் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் குரூப் புகுந்து விளையாடுகிறது. போன வருடம் போட்ட நியூஸ் கார்டை இந்த வருடம் ஃபார்வர்டு செய்வார் ஒருவர், தேதியை வெட்டிவிட்டு. சேனல் லோகோவை ஒட்டி எவனோ பிளஸ் டூ பையன் செய்த போலி கார்டு இன்னொரு பக்கம் சுற்றும், அவன் வேலை பார்த்தால் அசல் தோற்றுப்போகும். "கன்ஃபார்ம் ஆ?" என்று ஒரு அம்மா கேட்பார். "எங்க அக்கா பையன் ஸ்கூல்ல லீவாம்" என்று ஒருவர் சொல்வார், அந்த அக்கா சேலத்தில் இருப்பார். க்ளாஸ் மிஸ் குரூப்பில் இருக்கிறார், ஆன்லைனில் இருப்பதும் தெரிகிறது, ஆனால் வாயைத் திறக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவரும் பாவம் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பாதி வழியில் இருப்பார். ஒவ்வொரு மழைக்கும் வதந்திகளை நம்ப வேண்டாம், அதிகாரப்பூர்வ அறிவிப்பை மட்டும் பாருங்கள் என்கிறார்கள். அய்யா, அந்த அதிகாரப்பூர்வ அறிவிப்பு சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் வதந்திக்கு இங்கே என்ன வேலை?

லீவு விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி இருப்பார். எங்கள் வீட்டில் இல்லை. நான் மேனேஜருக்கு போன் செய்து, சார் ஒரு அரை நாள் என்று குழைய வேண்டும். அதையாவது என்னால் கேட்க முடிகிறது. எங்கள் மாடி வீட்டில் வேலை செய்கிற அக்கா, நாலு வீட்டு வேலை, ஒரு வீட்டுக்குப் போகாவிட்டாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள், மகள் அரசுப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், பிள்ளை தானாகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஸ்கூலுக்குப் போய் அங்கேயே காலையில் சாப்பிடும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருடமே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்துத்தான் அந்தக் குழந்தைக்கு லீவு என்றே தெரிகிறது, அன்றைக்குக் காலைச் சோறும் போச்சு, மதியச் சோறும் போச்சு. முந்தின ராத்திரி தெரிந்திருந்தால் அந்த அக்கா எதையாவது ஆக்கி வைத்துவிட்டு, யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார். இதெல்லாம் எந்தக் கார்டிலும் வராது.

நம்மூரில் மட்டும்தான் இப்படி என்று சொல்லவும் முடியவில்லை. 2022 ஆகஸ்டில் எர்ணாகுளத்தில் காலை எட்டு மணி தாண்டி, பிள்ளைகள் பாதிப் பேர் வகுப்புக்கே போய்ச் சேர்ந்த பிறகு லீவு அறிவித்து, பெற்றோர் கலெக்டரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போய்க் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அங்கே அது ஒரு பெரிய செய்தியானது. இங்கே பழகிப்போய்விட்டது, நாமும் மீம் போட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

மழை மட்டும் என்றாலும் பரவாயில்லை. வெயிலுக்கும் இதே கதைதான். 2023 கோடை லீவு முடிந்து ஜூன் 1-ல் இருந்து திறப்பு என்றார்கள். அப்புறம் வெயில் கொளுத்துகிறது என்று ஜூன் 7 ஆனது. ஊரில் இருந்து திரும்பி வர டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாம் கேன்சல் செய்து மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் தள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை ஜூன் 12, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14. வீட்டில் எட்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று இருந்தால் முதல் இரண்டு நாளைக்கு ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றைக் காவல் காக்க வேண்டும். 2024-ல் ஜூன் 6 என்று சொல்லி 10-க்கு மாற்றினார்கள். மே மாதம் தமிழ்நாட்டில் வெயில் அடிக்கும் என்பது யாருக்காவது புதுச் செய்தியா? தள்ளி வையுங்கள், நல்லதுதான், ஜூன் பத்து என்று ஏப்ரலிலேயே காலண்டரில் போட்டுவிட்டால் என்ன?

நான் கேட்பது வானத்தைப் பிளக்கிற விஷயம் இல்லை. ஆரஞ்சோ ரெட்டோ கொடுத்தாயிற்று என்றால் ராத்திரி எட்டரைக்குள் முடிவு, லீவு இல்லை என்றாலும் இல்லை என்று ஒரு வரி, ஏனென்றால் இல்லை என்பதும் ஒரு தகவல்தான். ராத்திரியில் நிலைமை மாறினால் காலை ஐந்தரைக்கு இன்னொரு தகவல், அதற்கு அப்புறம் எதுவும் கிடையாது. கரண்ட் பில் கட்டச் சொல்லி எல்லோர் போனுக்கும் எஸ்எம்எஸ் வருகிறது. ஒவ்வொரு மாணவனின் பெற்றோர் நம்பரும் ஸ்கூலில் இருக்கிறது, அதற்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதா? ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீட்டுக்கும் அது போய்ச் சேரும்.

போன வாரம் விட்ட லீவுக்கு இந்தச் சனிக்கிழமை ஈடு செய்கிற வேலைநாள் என்று இன்றைக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, சர்குலர் வந்திருக்கிறது. சனிக்கிழமை வேன் உண்டா, எந்தக் கிழமை டைம்டேபிளுக்குப் புத்தகம் எடுத்து வைப்பது, முழு நாளா அரை நாளா, அதில் எதுவும் இல்லை. குரூப்பில் கேட்டேன். நாலு பேர் தம்ஸ்அப் போட்டிருக்கிறார்கள், ஒருவர் "சேம் டவுட்" என்று எழுதியிருக்கிறார், வேன் அண்ணன் என்னிடமே திருப்பிக் கேட்கிறார், நாளைக்கு ஸ்கூல் இருக்காம்மா என்று.