நம்பர் ஒன் டீமுக்கு எதற்கு ரெண்டரை பாயிண்ட்?

ஆகஸ்ட் வந்தாலே எங்கள் வாட்ஸப் குழு இரண்டாகிவிடும். ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலையில் படித்தவர்கள் ஒரு பக்கம், ஓஹாயோ ஸ்டேட் பல்கலை இருக்கும் கொலம்பஸில் வசிக்கும் நாங்கள் ஒரு பக்கம். நடுவில் மிஷிகனில் எம்.எஸ். முடித்த அண்ணன் ஒருவர், எங்களில் யார் தோற்றாலும் அவருக்குச் சந்தோஷம். சண்டை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி. அதிலும் ஆட்டம் பற்றி அல்ல, இன்னும் ஆடாத ஆட்டத்துக்கு வேகாஸ், அதாவது லாஸ் வேகாஸ் பந்தயக் கடைக்காரர்கள், போட்டிருக்கும் எண் பற்றி.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி. ஓஹாயோ ஸ்டேட் மைனஸ் 2.5 என்றால், ஓஹாயோ ஸ்டேட் மூன்று புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயித்தால்தான் அதன் மேல் கட்டியவனுக்குப் பணம். இரண்டு புள்ளியில் ஜெயித்தால் அணிக்கு வெற்றி, அவனுக்கு நாமம். இந்த எண்ணுக்குப் பெயர் ஸ்ப்ரெட். கணக்கு வாத்தியாராக இருந்து, 1940-களில் சிகாகோவில் பந்தயக் கடை நடத்திய சார்லஸ் மெக்நீல் என்பவர் கண்டுபிடித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் வேலைதான் என்று பார்த்தாலே தெரிகிறது.

2025 ஆகஸ்டில் நடந்த கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசை வந்தது. டெக்சஸ் முதலிடம். சீசனுக்கு முந்தைய பட்டியலில் அவர்கள் முதலிடத்தில் வந்தது வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. ஓஹாயோ ஸ்டேட் மூன்றாமிடம். இரண்டும் முதல் ஆட்டத்திலேயே ஆகஸ்ட் 30 அன்று கொலம்பஸில் மோதுகின்றன. ஸ்ப்ரெட்டைப் பார்த்தால் ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று வேகாஸ் நினைக்கும் அணி, ஓஹாயோ ஸ்டேட்! ஒன்றரை, இரண்டரை என்று ஆடிக்கொண்டிருந்தது எண்.

"டேய், நம்பர் ஒன் டீமுக்கு எதுக்குடா ரெண்டரை பாயிண்ட் கொடுக்கிறான் வேகாஸ்காரன்? எங்களைப் பார்த்தா பாவமா இருக்கா?" என்று ஆஸ்டின் நண்பன் கொதித்தான். எங்கள் பக்கத்து ஆள் சும்மா இருப்பானா? "போன ஜனவரியில பதினாலு பாயிண்ட்ல அடிச்சோம். ரெண்டரை எல்லாம் பிச்சைக்காசு, பத்து போடணும்" என்றான். அவ்வளவுதான், ராத்திரி ஒரு மணி வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு என்பதுதான் என் கட்சி. அதை விளக்கத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் அந்தப் பதினாலு. 2025 ஜனவரி 10, காட்டன் பவுல் என்ற பெயரில் நடந்த பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) அரையிறுதி. 28-14 என்று ஏட்டில் இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கடைசி கால் பகுதி, 21-14 என்று ஓஹாயோ ஸ்டேட் முன்னிலை. டெக்சஸ் கோட்டுக்கு ஒரு கஜம் தொலைவில் நிற்கிறது, நான்கு வாய்ப்பு கையில். ஒரு தடவை பந்தை ஓரத்துக்குத் தட்டிவிட்டு ஓடப் பார்த்து ஏழு கஜம் பின்னால் போனார்கள். நான்காவது வாய்ப்பு எட்டாவது கஜத்திலிருந்து. எங்கள் தடுப்பாட்டக்காரர் ஜாக் சாயர் வந்து டெக்சஸின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) குவின் யூவர்ஸின் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே பொறுக்கி, 83 கஜம் ஓடி டச்டவுன் (வழக்கமாக ஏழு புள்ளி) போட்டார். இருவரும் ஒரு காலத்தில் ஓஹாயோ ஸ்டேட்டில் ஒரே அறையில் தங்கியவர்கள் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். 21-21 ஆகியிருக்க வேண்டியது ஒரே ஓட்டத்தில் 28-14 ஆனது. அந்த ஒரு தட்டலை எடுத்துவிட்டால் பதினாலும் இல்லை, ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்து அதையே அளவுகோலாக நீட்டி "பத்து போடணும்" என்றால் என்ன சொல்வது?

அதுவும் எந்த அணி? அந்த ஓஹாயோ ஸ்டேட்டிலிருந்து 14 பேரை 2025 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) தொழில்முறை லீகான என்எஃப்எல் அள்ளிக்கொண்டு போய்விட்டது. சாயரும் போய்விட்டார். அந்தப் பக்கம் யூவர்ஸும் போய்விட்டார், அவர் இடத்தில் ஆர்ச் மேனிங். என்எஃப்எல்லில் பேர் வாங்கிய குவார்ட்டர்பேக்குகள் பெய்டன், ஈலை இருவருக்கும் அண்ணன் மகன். எங்கள் பக்கம் குவார்ட்டர்பேக் ஜூலியன் சாயின், கல்லூரி ஆட்டம் ஒன்றையும் முதல் ஆளாக இறங்கித் தொடங்காத பையன். ஜெர்சி அதேதான், உள்ளே ஆள் வேறு. ரசிகன் ஜெர்சியோடு வாதம் பண்ணுகிறான்.

சீசனுக்கு முந்தைய எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். போன ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், கடந்த சில வருடங்களில் எப்படிப்பட்ட பையன்களைச் சேர்த்திருக்கிறார்கள், கொஞ்ச காலமாக அந்த அணியின் தரம் என்ன, இவற்றை வைத்து ஒவ்வொரு அணிக்கும் ஒரு மதிப்பு போடுவார்கள். ஃபுட்பால் எழுத்தாளர் பில் கானலி அணிகளுக்கு மதிப்பு போடும் எஸ்பி பிளஸ் கணக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். இரண்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம், அதோடு சொந்த மைதானத்துக்கு ஒரு இரண்டரை மூன்று புள்ளி. கொலம்பஸில் லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து கத்துவார்கள். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: ஓஹாயோ மைனஸ் இரண்டரை என்றால் பொதுவான மைதானத்தில் இரண்டும் சமம் என்றுதான் வேகாஸ் சொல்கிறது. இதில் டெக்சஸுக்கு எங்கே அவமானம்?

தரவரிசை பத்திரிகையாளர்கள் போடும் ஓட்டு. ஸ்ப்ரெட் ஒரு விலை. கோயம்பேட்டில் விடிகாலை தக்காளி விலை ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று. அப்படித்தான் இதுவும். கோடையில் முதலில் போடும் எண்ணுக்குப் பெரிய தொகை கட்ட விடமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை கிடையாது. விஷயம் தெரிந்த சிலர் கட்டுவார்கள், எண் நகரும். ஆட்டத்தன்று காலையில் இருக்கும் எண்தான் கொஞ்சம் பக்குவப்பட்டது. "வேகாஸுக்கு எல்லாம் தெரியும்" என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் சொல்பவரை அதனால்தான் நான் நம்புவதில்லை. "ரெண்டு பக்கமும் சமமா பணம் வரணும்னு சும்மா போட்ட நம்பர்" என்று தள்ளிவிடுகிறவரையும் நம்புவதில்லை. இது பாதி உண்மை. சோம்பேறிகளுக்குப் பிடித்த பாதி.

ஆட்டம் என்ன ஆனது? 14-7, ஓஹாயோ ஸ்டேட். கோட்டுக்கு ஒரு கஜத்தில் நான்காவது வாய்ப்பு, மேனிங் தானே முட்டித் தள்ளப் பார்த்து மாட்டிக்கொண்டார். திரும்பவும் அதே ஒரு கஜம்! ஆஸ்டின்காரன் அன்றைக்குக் குழுவில் வாயே திறக்கவில்லை. எங்கள் ஆளோ "சொன்னேன்ல" என்று பொம்மை பொம்மையாக அனுப்பினான். நீ சொன்னது பத்து தம்பி, வந்தது ஏழு.

அதே நாள் இன்னொரு வேடிக்கை. 2024-இல் 2-10 (இரண்டு வெற்றி, பத்து தோல்வி) என்று நாறிப்போயிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக அலபாமா ஏறத்தாழ இரண்டு டச்டவுன் ஃபேவரிட். ஃப்ளோரிடா ஸ்டேட் 31-17 என்று அடித்து நொறுக்கியது. "ஸ்ப்ரெட் போடுறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று நாடே சிரித்தது. டிசம்பரில் போய்ப் பார்த்தால் அலபாமா பிளேஆஃபில் இருக்கிறது, ஃப்ளோரிடா ஸ்டேட் 5-7. அந்த ஒரு நாளுக்கு எண் மோசம், வருடத்துக்கு அந்த எண் அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. கல்லூரி ஆட்டத்தில் ஸ்ப்ரெட்டுக்கும் உண்மை முடிவுக்கும் பத்துப் பன்னிரண்டு புள்ளி தள்ளிப்போவது வாராவாரம் நடப்பது. அரைப் புள்ளிக்கு மணிக்கணக்காக மல்லுக்கட்டும் நம் ஆட்கள் இதை மட்டும் காதில் வாங்கமாட்டார்கள். (இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் உள்ள அரை மட்டும் விதிவிலக்கு. ஃபீல்ட் கோல் மூன்று புள்ளி என்பதால் ஆட்டங்கள் அங்கே போய்த்தான் அடிக்கடி முடியும். அதற்காகச் சண்டை போடலாம், அனுமதி உண்டு.)

சுத்தமாகக் கணக்கு உதைத்த இடங்களும் இருக்கின்றன. 2023-இல் டீயான் சாண்டர்ஸ் கொலராடோவுக்குப் பயிற்சியாளராக வந்து, பழைய ஆட்களை அனுப்பிவிட்டு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகவும் வேறு வழியாகவும் எண்பதுக்கும் மேற்பட்ட புதுமுகங்களைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் போட்டி வரை போன டிசியூ-வின் மைதானத்தில் முதல் ஆட்டம். கொலராடோ ஏறத்தாழ மூன்று டச்டவுனில் தோற்கும் என்றது எண். 45-42, கொலராடோ வெற்றி. ஆள் யாரென்றே தெரியாத அணிக்கு எண் போட்டால் அப்படித்தான். ஆனால் உடனே "கொலராடோ சாம்பியன்" என்று குதித்தவர்கள்? அந்த ஆண்டு அவர்கள் முடித்தது 4-8.

இப்போது எல்லா அணியும் கொஞ்சம் கொலராடோதான். ஆட்டக்காரர்கள் தங்கள் பெயர், உருவத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்று 2021-இல் ஆனது, 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் காசு கொடுக்கலாம். பையன்கள் வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறார்கள். விளைவு? 2025 ஆகஸ்டில் இரண்டாமிடத்தில் இருந்த பென் ஸ்டேட், அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயிக்காத யூசிஎல்ஏ-விடம் தோற்று, அக்டோபர் பாதிக்குள் பயிற்சியாளரையே வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்டில் இருபதாமிடத்தில் கிடந்த இந்தியானா 16-0 என்று கோப்பையைத் தூக்கியது. முதலிடத்தில் இருந்த டெக்சஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை.

அப்படியானால் ஆகஸ்ட் சண்டையே வீணா? இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். "எங்க டீம் ஜெயிக்கும்" என்று யாரும் சொல்லலாம், செலவில்லை. "எத்தனை பாயிண்ட்ல?" என்று கேட்டவுடன் ஆள் கொஞ்சம் யோசிப்பான். தாக்குதல் வரிசையில் ஐந்து பேரில் யார் புதுசு என்று தேடிப் போவான். பேச்சில் சரக்கு வரும். எங்கள் குழுவில் நான் கொண்டுவந்த ஒரே சட்டம் அதுதான்: எண் சொல்லாமல் வாய் திறக்கக்கூடாது.

பணம் கட்டுவது வேறு கதை. 110 டாலர் வைத்தால் 100 கிடைக்கும் என்பதுதான் வழக்கமான விலை. கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும். கோடையிலேயே நவம்பர் ஆட்டத்துக்குக் கட்டினால் பணம் மாதக்கணக்கில் பந்தயக் கடைக்காரன் பெட்டியில் தூங்கும், நடுவில் குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போனால் கேட்க நாதி கிடையாது. 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியது, ஓஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் போனிலேயே கட்டலாம். அந்த ஜனவரியிலேயே டேட்டன் பல்கலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆன்டனி கிராண்ட், பந்தயம் கட்டியவர்கள் தன் பையன்களுக்கு அனுப்பும் வசவுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு, கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் தனியாக எடுக்கும் புள்ளி, கஜம் போன்றவற்றின் மேல் கட்டும் பந்தயத்தை ஓஹாயோ தடை செய்தது. சரியான முடிவு. பத்தொன்பது வயதுப் பையன் பந்தைத் தவறவிட்டால் அவன் போனில் போய்த் திட்டுகிறவனை ரசிகன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் எண்ணை நான் குழுவில் மட்டும்தான் வைப்பேன். தோற்றால் கிண்டல், அவ்வளவே.

2026 செப்டம்பரில் ஓஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்குப் போக வேண்டும். ஆஸ்டின்காரன் "இந்தத் தடவை பத்து" என்று ஆரம்பிப்பான், அவன் முறை. என் எண் டெக்சஸ் மைனஸ் 2. மைதானத்துக்கு இரண்டரையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், ஜெரமையா ஸ்மித் எங்கள் பக்கம் பந்து பிடிக்கிறார் என்பதற்காக அரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மறுப்பவர்கள் கீழே எழுதுங்கள். எண்ணோடு. மிஷிகன் அண்ணா, உங்களுக்கும் சேர்த்துத்தான்.