எங்கள் பக்கம் வெப்பமானி வேண்டாம்

அமெரிக்க நீர்த்தேக்கங்களில் வசந்தம் தொடங்கித் தண்ணீர் சூடேறினால் பாஸ் என்கிற நன்னீர் மீன் ஆழத்திலிருந்து கரையோரம் ஏறிவரும், 15 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முட்டையிடத் தொடங்கும் என்கிறது பாஸ் தூண்டில் பற்றிய உங்கள் கட்டுரை. அங்கே சரி. நான் தேவிபட்டினத்துக்காரன். ராமநாதபுரம் பக்கம் மழைக் கணக்குதான்.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் ('நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்களே, அதேதான்) ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும். மாசியில் தண்ணீர் வற்ற வற்ற விரால் பள்ளங்களில் ஒதுங்கும். காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வந்தாக வேண்டிய மீன் அது. குமிழி தெரிந்த இடத்தில் தவளையைக் கோத்துத் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை. போன வருடம் அவசரப்பட்டு இழுத்து, தூண்டில் நரம்பு அறுந்து, விரல் வெட்டுப்பட்டதுதான் மிச்சம்.

பாஸ் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்குமாம். விராலும் அப்படித்தான், சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தை விட்டு நகராது. குஞ்சோடு திரிகிற விராலைப் பிடித்து வந்தால் என் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார்.

அப்புறம், முகத்துவாரத்துக் கொடுவாவுக்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் பெயர். ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். அதைப் பற்றியும் எழுதுங்கள்.