அந்தப் பாட்டு லியோனா லூயிஸுக்காக எழுதப்பட்டது இல்லை

‘எ மொமென்ட் லைக் திஸ்’ பிரிட்டிஷ் பாடகி லியோனா லூயிஸுக்காகவே எழுதப்பட்ட பாட்டு, அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சன் அதைப் பின்னால் பாடினார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது தலைகீழ். ஜோர்கன் எலோஃப்சனும் ஜான் ரீடும் எழுதிய இந்தப் பாட்டு, 2002 செப்டம்பரில் ‘அமெரிக்கன் ஐடல்’ என்ற டிவி பாட்டுப் போட்டியின் முதல் சீசனை வென்ற கெல்லியின் முதல் சிங்கிளாக (தனிப்பாடல் வெளியீடாக) வந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் 52ஆம் இடத்திலிருந்து நேராக முதலிடத்துக்குத் தாவியது. 1964இல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாட்டு 27இலிருந்து முதலிடத்துக்குப் போன சாதனை அப்போதுதான் முறிந்தது. கெல்லிக்காக மட்டும் எழுதினார்கள் என்றும் சொல்ல முடியாது. இறுதிச் சுற்றில் அவரோடு மோதிய ஜஸ்டின் குவாரினியும் இதையே பாடினார். யார் ஜெயிக்கப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே பாட்டு தயாராக இருந்தாக வேண்டுமே!

லியோனா பிரிட்டனின் ‘எக்ஸ் ஃபேக்டர்’ பாட்டுப் போட்டியை வென்றது 2006 டிசம்பரில். இதே பாட்டை அவர் பாடிய பதிவு அந்த வருடக் கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டன் பாடல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. எனக்கு அவர் குரல் ரொம்பப் பிடிக்கும், அந்த உச்சஸ்தாயியைக் கேட்டால் இன்றும் சிலிர்க்கும். ஆனால் அவரே முதலில் வெளியிட்ட ஒரு பாட்டைச் சொல்ல வேண்டுமென்றால், 2007இல் வந்த ‘ப்ளீடிங் லவ்’ பாட்டைச் சொல்லுங்கள். பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடம், அடுத்த வருடம் அமெரிக்காவிலும் முதலிடம்.